முகிற் சேவையகமும் மடைக் காவலும்

முகில் என்னுஞ் சொல் தோப்பூர் மக்களுக்குப் புதியதன்று. பெரும்போகத்துக்கு வானத்தையும் சிறுபோகத்துக்கு மாவிலாற்று நீரையும் நம்பியிருக்கும் வயல்சூழ் ஊர் இது. ஆயின், கடந்த இருபது ஆண்டுகளாகக் கணினித்துறையார் அச்சொல்லை வேறொரு பொருளில் வழங்கி வருகின்றனர். நெடுந்தொலைவிலே பிறரொருவர்க்கு உரிமையாயுள்ள கணினிகளை, இணையத்தின் வழியாக, மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வாடகைக்குப் பெற்றுப் பயன்படுத்தும் முறையே முகிற் கணிமை எனப்படுகின்றது. அங்ஙனம் பெறப்படும் மெய்நிகர்ச் சேவையகத்தை ஆள்வது எங்ஙனம், கண்காணிப்பது எங்ஙனம் என்பதனை, நம்போன்ற கல்லூரிகளின் தேவையை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தேவை யாது எனின், அது இடாப்பு. திருக்கோணமலை மாவட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில் சேர்விடாப்புகள் ஒருமுறையன்றிப் பலமுறை ஆபத்துக்கு உள்ளாயின. 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் ஆழிப்பேரலை, 2006 ஆம் ஆண்டில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போர் என்பன கட்டடங்களோடு ஏடுகளையும் கொண்டுபோயின. நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் விடுகைப் பத்திரத்துக்காகத் தாம் படித்த பாடசாலைக்கு வந்து நிற்கும்போது, அவர் அங்கே படித்தார் என்பதற்கு அவருடைய சொல்லையன்றி வேறு சான்று இல்லாத நிலை எத்துணைக் கொடியது என்பதை அதிபர்மாரே அறிவர். ஆதலினாலன்றோ இன்று பல கல்லூரிகளும் அவற்றின் பழைய மாணவர் சங்கங்களும் இடாப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, வாடகைச் சேவையகங்களில் ஏற்றி வைக்கின்றன. ‘முகிலில் ஏற்றியாயிற்று, இனி அழிவில்லை’ என்று ஒரு மனநிறைவும் பிறக்கின்றது. அம்மனநிறைவு தகுதியுடையதா என்பதே எம் வினா.

முதலில் மெய்நிகர்ச் சேவையகம் என்பதன் இயல்பைத் தெளிதல் வேண்டும். ஒரு பெரிய பொறிக்குள்ளே, தத்தமக்கெனத் தனிக் கணினி இருப்பதாகவே கருதிப் பல பணிசெயல் முறைமைகள் ஒருங்கே இயங்குமாறு செய்யலாம் என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் நிலையத்தார் 1960களின் பிற்பகுதியிலேயே செய்து காட்டினர். 1972 இல் அந்நிறுவனம் வி.எம்./370 என்னும் பெயரில் அதனை விற்பனைக்கு விட்டது. 1974 இல் போப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர், இவ்வாறு பங்கிடும் மேலாண்மை மென்பொருளுக்கு மூன்று இலக்கணம் வகுத்தனர். உள்ளிருக்கும் முறைமை மெய்யான பொறியில் இயங்குவது போன்றே இயங்கல் வேண்டும். வேகம் பெரிதுங் குன்றலாகாது. வளங்கள் யாவும் மேலாண்மை மென்பொருளின் ஆட்சிக்குள்ளேயே நிற்றல் வேண்டும். இன்று ஹைப்பர்வைசர் எனப்படுவது அதுவே. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் தோன்றி 2003 இல் வெளிவந்த சென் என்னும் ஹைப்பர்வைசரைக் கொண்டு, 2006 ஆகஸ்ட் மாதத்தில் அமேசன் நிறுவனம் தன் சேவையகங்களை மணிக்கு 10 அமெரிக்கச் சதத்துக்கு வாடகைக்கு விடத் தொடங்கிற்று. மூதூர்ப் பகுதி மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய் நோக்கி நடந்ததும் அதே ஆகஸ்ட் மாதத்திலேதான். அவர்களுட் பலர் விட்டுச் சென்ற ஏடுகளைக் காக்கவல்ல கருவி ஒன்று அம்மாதமே உலகின் மறுகோடியிற் சந்தைக்கு வந்தது என்பதை நினையுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

முகில் என்றவுடன் வானத்தை நோக்குவார் உளர். ஆதர் சி. கிளாக் 1945 இல் செய்திச் செய்மதிகளைப் பற்றி எழுதியவர். பின்னர் இலங்கையிற் குடியேறித் திருக்கோணமலைக் கடலில் மூழ்கி ஆய்ந்தவர். அவர் நினைவு எழுவதும் இயல்பே. எனினும் நம் ஏடுகள் செல்வது வானத்தின் வழியன்று, கடலடி வழியே. கல்கிசைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 2006 இல் இடப்பட்ட பாரத் லங்கா வடமும், மாத்தறையிற் கரையேறும் சீ-மீ-வீ 5 வடமும் போன்றவையே அவ்வழிகள். நமக்கு அண்மையிலுள்ள பெருஞ் சேவையக நிலையங்கள் சிங்கப்பூர், மும்பாய், சென்னை போன்ற நகரங்களில் உள்ளன. அமேசன் 2010 இல் சிங்கப்பூரிலும் 2016 இல் மும்பாயிலும், மைக்ரோசொப்ற் 2015 இல் சென்னை முதலிய இந்திய நகரங்களிலும் நிலையங்களைத் திறந்தன. ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து மும்பாய்க்கு நேர்த்தொலைவு ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் ஆகலின், போய் மீள்வதற்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் 15 பங்காவது செல்லும். இடாப்புப் பார்ப்பவர்க்கு இஃது ஒரு பொருட்டன்று.

இனி, வாடகைக்கு விடுவோர் கடமை எது, வாடகைக்கு எடுப்போர் கடமை எது என்னும் வினா. பலர் இடறி விழும் இடம் இதுவே. குத்தகை வயலை எண்ணிப் பாருங்கள். நிலத்துக்கு உரியவர் வயலையும் வாய்க்காலையும் தருகின்றார். விதைப்பதும் களை பறிப்பதும் பன்றிக்குக் காவல் இருப்பதும் குத்தகைக்காரன் பாடு. பயிர் பட்டுப்போனால் நிலக்காரரை நோவதில் பயனில்லை. சேவையக வாடகையும் அத்தகையதே. கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், பொறி, ஹைப்பர்வைசர் என்பவற்றுக்கு நிறுவனம் பொறுப்பு. அதற்கு மேலே உள்ள பணிசெயல் முறைமையைக் காலந்தோறும் செப்பனிடுதல், கடவுச்சொற்களைப் பேணல், வாயில்களிற் தேவையற்றவற்றை அடைத்தல், காப்பெடுத்தல் ஆகிய யாவும் வாடகைக்கு எடுத்தவர் தலைமேல் விழுவன. மாதந்தோறும் பணம் செலுத்துகின்றோம், ஆதலால் அவர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வர் என்று இருப்பவர், களை நிறைந்த வயலுக்குக் குத்தகை நெல் அளப்பவரே ஆவர்.

கண்காணித்தலுக்கு வருவோம். முன்னாளில் எம் பகுதி வயல்வெளிகளில் வட்டவிதானை என ஒருவர் இருந்தார். எந்த மடை எத்துணை திறந்துள்ளது, எவர் வயலுக்கு எப்போது நீர்முறை, குளத்தில் நீர் எத்தனை அடி என்பன அவர் வாயிலே இருக்கும். அவருடைய திறமை மடையைத் திறப்பதில் இல்லை. அதனை எவரும் செய்வர். கடைமடை வயலுக்கு நீர் சேர்ந்ததா என்று தாமே சென்று பார்ப்பதில் இருந்தது. சேவையகக் கண்காணிப்புக்கும் இதுவே அடிப்படை. முறைவழி அலகின் உழைப்பு, நினைவகம், வட்டில் எஞ்சியுள்ள இடம், வலையமைப்பின் போக்குவரத்து என்னும் நான்கும் தலைமடை அளவைகள். இவை நன்றாயிருப்பினும் கடைமடையில் வயல் காய்ந்து கிடக்கலாம். கூகிள் நிறுவனத்தார் 2016 இல் வெளியிட்ட நூலொன்றிலே, பயன்படுத்துவோர் பக்கம் நின்று நோக்கும் நான்கு அளவைகளை முதன்மைப்படுத்தினர்: வேண்டுகோளுக்கு விடை வருங் காலம், வேண்டுகோள்களின் தொகை, பிழையாய் முடிவனவற்றின் தொகை, கொள்ளளவில் எவ்வளவு நிரம்பிவிட்டது என்பது. நம் இடாப்புச் சேவையகத்துக்கு, ஒருவர் ஒரு பெயரைத் தேடினால் அப்பக்கம் இரண்டு செக்கனுக்குள் வருகின்றதா என்னும் ஒரே அளவை, முறைவழி அலகு நூற்றுக்கு எத்தனை வீதம் உழைக்கின்றது என்னும் அளவையைக் காட்டிலும் பயனுடையது என்பது எம் துணிபு.

வாடகைச் சேவையகத்துக்கே உரிய நுட்பங்கள் சிலவும் உள. அமேசன் நிறுவனத்தின் கண்காணிப்புச் சேவையைத் திறந்து பார்ப்பவர் முறைவழி அலகின் வரைகோட்டைக் காண்பர். நினைவகத்தின் வரைகோட்டைக் காணார். ஹைப்பர்வைசர் வெளியே நின்று பார்ப்பது; உள்ளிருக்கும் முறைமை தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தை எங்ஙனம் செலவிடுகின்றது என்பது அதற்குத் தெரியாது. அதனை அறியச் சேவையகத்துக்குள்ளேயே ஒரு சிறு முகவர் மென்பொருளை நாமே நிறுவுதல் வேண்டும். இவ்வுண்மையை அறியாமையால், நினைவகம் நிரம்பித் தரவுத்தளம் இடையில் நின்றுபோன வேளையிலும், வரைகோடுகள் யாவும் பச்சையாயிருக்கின்றன என்று வியந்து நிற்போர் உளர். இரண்டாவது நுட்பம், மலிவான சேவையகங்களின் ‘வரவு’ முறை. டி2 மைக்ரோ என்னும் வகைக்கு மணிக்கு 6 வரவு சேரும். ஒரு வரவு என்பது முறைவழி அலகு ஒரு நிமிடம் முழுவேகத்தில் உழைப்பதற்கான உரிமை. 144 வரவுக்கு மேற் சேராது. முழுவேகத்தில் உழைத்தால் மணிக்கு 60 செலவாகி 6 வரவாகும். ஆகவே 2 மணி 40 நிமிடத்திற் கையிருப்புத் தீர்ந்து, வேகம் பத்திலொரு பங்காகக் குறையும். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலே ஒரு பாடசாலைத் தளம் காலையிற் துள்ளி நின்று நண்பகலிற் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். குளத்து நீரைச் சேமித்து வைத்து, நீர்முறை நாளில் ஒரேயடியாகத் திறந்துவிட்டவன் நிலையே இது. மூன்றாவது, அயலார் தொல்லை. ஒரே பொறியிற் குடியிருக்கும் பிற சேவையகங்கள் மிகுதியாக உழைக்குங்கால் நமக்குரிய நேரம் நமக்குக் கிட்டாமற் போகும். லினக்ஸ் முறைமை அதனைக் ‘களவுபோன நேரம்’ என்றே பெயரிட்டுத் தனியே கணக்கிட்டுக் காட்டுகின்றது! அவ்வெண் நாட்பட உயர்ந்து நின்றால் சேவையகத்தை நிறுத்தி மீளத் தொடங்குதல் வேண்டும். பெரும்பாலும் வேறொரு பொறியில் அது குடியேறும்.

வட்டின் கணக்கு எளிது. ஆயினும் அதனாலேயே நின்றுபோன சேவையகங்கள் பல. ஓர் இடாப்புப் பக்கத்தின் படம் 2 மெகாபைற்று என்க. 200 பக்க இடாப்புக்கு 400 மெகாபைற்று. நூறு இடாப்புகளுக்கு 40 கிகாபைற்று. முறைமைக்கும் மென்பொருள்களுக்கும் 8 கிகாபைற்று ஒதுக்கினால், 60 கிகாபைற்று வட்டில் 12 எஞ்சும். அஃது ஏராளம் என்று தோன்றும். ஆனால் சேவையகம் தன் நிகழ்ச்சிப் பதிவேடுகளை நாளொன்றுக்கு 150 மெகாபைற்று வீதம் எழுதி வருமாயின் 80 நாளில் வட்டு நிரம்பிவிடும். நிரம்பியதும் தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுவிடும். ‘நூற்றுக்கு 90 நிரம்பியதும் அறிவி’ என்று வைப்பதிலும், ‘இன்றைய போக்கிற் சென்றால் 14 நாளுக்குள் நிரம்புமெனில் அறிவி’ என்று வைப்பதே அறிவுடைமை. குளத்தின் நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவன் ஒருவன். அது மணிக்கு எத்தனை அங்குலம் ஏறுகின்றது என்று பார்ப்பவன் மற்றொருவன். வெள்ளக் காலத்தில் எவன் சொல் கேட்கப்படும் என்பது வெளிப்படை. புரொமித்தியசு போன்ற இக்காலக் கருவிகள் இவ்வேற்ற வீதக் கணிப்பை ஒரே வரியிற் செய்து தருகின்றன. 2012 இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்திற் தோன்றிய அக்கருவியும், 2001 முதல் வழங்கிவரும் சபிக்ஸ் என்பதும் விலையின்றிக் கிடைப்பன. ஒரு கல்லூரிக்கு இவற்றுள் ஒன்றே மிகையாகப் போதும்.

அறிவிப்பு எவர்க்குச் செல்கின்றது, எப்போது செல்கின்றது என்பது அடுத்த செய்தி. 1986 ஏப்ரல் 20 ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்தது அதிகாலை மூன்று மணியளவில். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உறங்குகின்றவனை எழுப்பாத அறிவிப்பு அறிவிப்பன்று என்பதை நம் மாவட்டத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மறுபுறம், முறைவழி அலகு ஒரு கணம் உயர்ந்தாலும் மின்னஞ்சல் அனுப்புமாறு வைத்துவிட்டு, நாளொன்றுக்கு ஐம்பது அஞ்சல் பெற்று, ஒரு கிழமையில் அவற்றைத் திறவாமலே அழிக்கப் பழகிவிடுவோரும் உளர். ‘புலி வருகின்றது’ என்று கூவிய இடைச்சிறுவன் கதை இதுவன்றி வேறில்லை. ஆகவே ஒவ்வோர் அறிவிப்பையும் வைக்குமுன், ‘இது வந்தால் நாம் எழுந்து என்ன செய்வோம்?’ என்று வினவுதல் வேண்டும். செய்வதற்கு ஒன்றுமில்லையெனின் அதனை நீக்கிவிடலாம். ‘ஐந்து நிமிடம் இடைவிடாது நிலைத்தால்’ என்னும் நிபந்தனையும் பெரும்பாலான வீண் கூச்சலைத் தவிர்க்கும். காப்பெடுத்தலைப் பொறுத்த வரையில் இம்முறை தலைகீழாக நிற்றல் வேண்டும். ‘பிழைத்தால் அறிவி’ என்பது போதாது. காப்பெடுக்கும் நிரலே நின்றுபோனால் அறிவிக்க எவருமில்லை. ‘நாள்தோறும் நிறைவேறியது என்னுஞ் செய்தி வரல் வேண்டும்; ஒருநாள் வாராவிடின் மணி அடி’ என்று வைத்தலே தக்கது.

அன்றியும், காவலாளி காக்கப்படும் வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டிருத்தல் ஆகாது. 2017 பெப்ரவரி 28 ஆம் நாள், அமேசன் ஊழியர் ஒருவர் ஒரு கட்டளையைத் தட்டச்சிடுகையில் நேர்ந்த பிழையால், அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலுள்ள அந்நிறுவனத்தின் தரவுச் சேமிப்பகங்களுள் மிகப் பலவற்றைச் சில மணி நேரம் பயன்படுத்த முடியாது போயிற்று. அந்நிறுவனத்தின் நிலைமைப் பலகையோ எல்லாம் நலமே என்று காட்டிக்கொண்டிருந்தது. அப்பலகையை மாற்றி எழுதுவதற்கு வேண்டிய கருவியும் அதே சேமிப்பகத்தையே நம்பியிருந்தமையே காரணம். 2021 அக்டோபர் 4 ஆம் நாள் பேஸ்புக் நிறுவனம் முற்றாக இணையத்திலிருந்து மறைந்தபோதும், சீர்செய்வதற்கான உட்கருவிகளும் கூடவே மறைந்தன. நம் சேவையகம் மும்பாயில் இருப்பின், அது உயிரோடு உள்ளதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் நிரல் வேறொரு நிறுவனத்தாரிடமோ, அல்லது கல்லூரி அலுவலகத்துச் சிறு கணினியிலோ இருத்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொல்லத் தகாத சிறுதொகை.

இதுகாறும் சொன்னவை சேவையகம் நின்றுபோகாமற் காப்பவை. நின்றுபோன சேவையகத்தை மீளத் தொடங்கலாம்; அழிந்த இடாப்பை மீளப் பெறுவது எங்ஙனம்? இதற்கு நம் நாட்டிலேயே நேர்ந்த நிகழ்ச்சியொன்று பாடமாக அமைந்துள்ளது. இலங்கை அரசாங்க முகில் என்பது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மையின் பொறுப்பில் இருந்தது. அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் அதன்வழி இயங்கின. 2023 ஆகஸ்ட் இறுதியில் கப்பங் கோரும் தீய மென்பொருளொன்று அதனுட் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டது. முறைமையைச் சில மணி நேரத்துக்குள் மீள எழுப்பினர். ஆயின், உடன் இணைந்திருந்த காப்புப் படிகளும் பூட்டப்பட்டிருந்தன. 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான காலத்துக்குப் பயன்படக்கூடிய காப்புப் படி எங்கும் இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகளின் நூற்றிரண்டு நாள் மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன.

இதன் காரணங்களை நோக்கின் வியப்புக்கு இடமில்லை. அம்முறைமை 2014 இல் மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்சு 2013 என்னும் பதிப்புக்கு மாற்றப்பட்டு, அதன்பின் மாற்றப்படாமலே இயங்கிற்று. அப்பதிப்புக்குத் திருத்தங்கள் வழங்குவதை அதனை ஆக்கிய நிறுவனம் 2023 ஏப்ரல் 11 ஆம் நாளோடு நிறுத்தியது. நான்கு மாதம் கழித்துப் பகைவர் புகுந்தனர். புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021 முதலே இருந்தும், பணமின்மையாலும் நிருவாக முடிவுகளாலும் தள்ளிப்போயிற்று என்று பொறுப்பாளர் பின்னர் விளக்கினர். யாம் இதனை எடுத்துரைப்பது எவரையும் பழிக்கவன்று. ஓர் அரசாங்கத்துக்கே நேர்ந்தது, மூவர் தம் ஓய்வுநேரத்திற் பார்த்துவரும் ஒரு சங்கத்தின் சேவையகத்துக்கு நேராது என்று எவரும் சொல்லவியலாது என்பதற்காகவே. இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத்தக்கது ஒன்று: காப்புப் படி இருந்தது, அஃது எட்டக்கூடிய இடத்தில் இருந்தது. நமக்கு எட்டுவது பகைவனுக்கும் எட்டும். நாள்தோறும் இணைப்பற்ற காப்பெடுக்கும் ஒழுங்கு அதன் பின்னரே அறிவிக்கப்பட்டது.

இருக்கின்றது என்று நம்பிய காப்புப் படி இல்லாமற் போவது வேறொரு வகை. 2017 ஜனவரி 31 ஆம் நாள் கிற்லாப் என்னும் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர், இரவு நெடுநேரம் உழைத்த களைப்பில், தவறான சேவையகத்திலிருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 கிகாபைற்று மறைந்தது. காப்பு முறைகள் ஐந்து இருந்தன. தேடிப் பார்த்தபோது, நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய படி எடுக்கப்படவேயில்லை. தரவுத்தளத்தின் பதிப்பும் காப்பெடுக்கும் மென்பொருளின் பதிப்பும் பொருந்தாமையால் அந்நிரல் நெடுநாளாகப் பிழைத்துக்கொண்டிருந்தது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ பெறுநரின் அஞ்சற் சேவையகத்தால் ஏற்கப்படாது தள்ளப்பட்டு வந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன்னர், வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக ஒருவர் எடுத்து வைத்திருந்த படியே அந்நிறுவனத்தைக் காத்தது. நடந்தவை யாவற்றையும் மறைக்காமல் அவர்கள் வெளியிட்டமையால் உலகம் பயன் பெற்றது. தென்கொரியாவிலோ, 2025 செப்ரெம்பர் 26 ஆம் நாள் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றியபோது, அரச ஊழியரின் கோப்புகள் 858 தெராபைற்று அழிந்தன. அளவிற் பெரியதாயிருந்தமையால் வெளியிடத்துக் காப்புப் படி எடுக்கப்படவில்லை என்று கூறினர். செல்வமும் நுட்பமும் மிக்க நாடே அது.

நம்மிடமுள்ளதோ அளவிற் பெரியதன்று என்பது நற்பேறு. மேற்சொன்ன 40 கிகாபைற்றும் ஒரு கட்டைவிரலளவு நினைவுக்கோலில் அடங்கும். ஆதலால் மூன்று படி, இரு வேறு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று துறையறிந்தோர் சொல்லும் முறையை நாம் கைக்கொள்ளாமைக்குக் காட்டத்தக்க நியாயம் யாதுமில்லை. சேவையகத்திலுள்ளது முதற்படி. வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில், குறித்த காலம்வரை எவராலும், நம்மாலுங்கூட அழிக்கவோ மாற்றவோ இயலாதபடி பூட்டிவைக்கப்படுவது இரண்டாவது. எதனோடும் இணையாது, அதிபரின் இரும்புப் பெட்டியில் ஒரு வட்டும், கடல் கடந்து வாழும் பழைய மாணவர் கிளையொன்றிடம் மற்றொரு வட்டுமாக இருப்பது மூன்றாவது. எஸ்தோனியா என்னும் சிறிய நாடு, அயல்நாட்டுப் படையெடுப்பை அஞ்சித் தன் அரச ஏடுகளின் படியை லக்சம்பேர்க்கில் வைப்பதற்கு 2017 இல் உடன்படிக்கை செய்துகொண்டது. அவர்கள் அஞ்சியதை நாம் கண்டே விட்டோம்.

படி இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்த்தல் வேண்டும். இங்கேதான் மெய்நிகர்ச் சேவையகத்தின் உண்மையான சிறப்பு விளங்குகின்றது. தவணைக்கு ஒருமுறை, ஒரு புதிய சேவையகத்தை இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்து, காப்புப் படியை அதில் இறக்கி, இடாப்புகள் நூறும் உளவா என்று எண்ணி, தெரிந்த பத்துப் பெயர்களைத் தேடிப் பார்த்து, பின்னர் அச்சேவையகத்தை அழித்துவிடலாம். ஒரு தேநீரின் விலைகூட ஆகாது. அதற்கு எத்தனை நிமிடம் சென்றது என்பதையும் குறித்து வைத்தல் நன்று. ஆபத்து நேர்ந்தால் எத்துணைக் காலத்தில் மீள்வோம் என்பதற்கு அதனின் நம்பத்தக்க விடை வேறில்லை. பயிர் செய்யும் மாணவர்க்கு விதைநெல் முளைத்திறன் பார்ப்பது போன்றதே இது என்றால் எளிதில் விளங்கும்.

பணத்தைப் பற்றியும் இரண்டொரு சொல். வாடகை பெரும்பாலும் டொலரிலே கேட்கப்படும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த மாற்று வீதம் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. மாதம் 10 டொலர் செலுத்திய சங்கத்துக்கு 2,000 ரூபா 3,600 ஆயிற்று. சேவையகத்தின் அளவைகளோடு செலவையும் ஓர் அளவையாகக் கொண்டு, வரம்பு கடந்தால் அறிவிக்குமாறு அமைத்தல் தகும். இருப்பினும் அதே 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை எண்ணினால், கல்லூரி அறையிலே ஒரு சேவையகத்தை வைத்திருப்பதிலும் வாடகைச் சேவையகமே மேல் என்பதில் எமக்கு ஐயமில்லை. மாணவர் பெயர், பிறந்த நாள், பெற்றோர் விவரம் என்பன 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணுக்குட்பட்டவை என்பதையும் செயலாளர்கள் மறத்தல் கூடாது.

சேவையகத்தின் கடிகாரத்தை உலகப் பொதுநேரத்திலேயே வைத்தல் வேண்டும் என்பதும் ஒரு சிறு குறிப்பு. இலங்கை நேரம் 1996 இல் இருமுறையும் 2006 ஏப்ரலில் ஒருமுறையும் மாற்றப்பட்டதை மூத்த மாணவர்கள் மறந்திரார். அக்காலத்துப் பதிவேடுகளில் ஒரு நிகழ்ச்சி எப்போது நேர்ந்தது என்று காண்பதற்குள் தலை சுற்றும்.

இறுதியாக, யாம் மிகவும் அஞ்சுவது பகைவரையுமன்று, தீயையுமன்று. ஒரு சங்கத்திலே கணினி அறிந்த இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு முன்வருவார். சேவையகத்தைத் தம் சொந்த மின்னஞ்சல் முகவரியிலே பதிவார். தம் சொந்தக் கடனட்டையிலே பணம் செலுத்துவார். ஈராண்டில் அவர் ரொறன்ரோவுக்கோ மெல்பேணுக்கோ செல்வார். அட்டை காலாவதியாகும். நிறுவனம் நினைவூட்டி அனுப்பும் மின்னஞ்சல்கள் எவரும் திறவாத பெட்டியிற் சென்று சேரும். உரிய நாட்கள் கழிந்தபின் கணக்கு மூடப்பட்டுத் தரவுகள் அழிக்கப்படும். இங்கே குற்றவாளி எவருமில்லை, இடாப்பும் இல்லை. ஆகவே கணக்குச் சங்கத்தின் பெயரிலும், சங்கத்தின் முகவரியிலும் இருத்தல் வேண்டும். தலைமைக் கடவுச்சொல்லும் இரண்டாம் சரிபார்ப்புக்கான மீட்புக் குறிகளும் முத்திரையிட்ட உறையில் அதிபரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாக இருத்தல் வேண்டும். அறிவிப்புகள் மூவர்க்கேனும் செல்லல் வேண்டும். அவருள் ஒருவர் ஊரில் வாழ்பவராதல் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே கணக்கறிக்கை வாசிக்கப்படும்போதே, சென்ற ஆண்டில் எத்தனை முறை மீட்டுப் பார்க்கப்பட்டது, எத்தனை இடாப்புகள் எண்ணப்பட்டன, உறைகள் எவர் கையில் உள்ளன என்னும் மூன்றும் சபையறிய வாசிக்கப்பட்டு நடவடிக்கைக் குறிப்பில் ஏறுமாயின், புதிய செயற்குழு பொறுப்பேற்கும் அன்றே திறவுகோல்களும் கைமாறிவிடும்.